அடியில் நிற்கும் பருப்பு

சாம்பார் வைப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமா, அது தெரியாத வீடு எது என்று நீங்கள் கேட்கலாம். வாரத்தில் நாலு நாளாவது நம் அடுப்பில் கொதிக்கிற குழம்பு அது. ஆனால் சமீபத்தில் வந்த ஒரு கடிதத்தைப் படித்த பிறகு, எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. எழுதியவர் இளம் தாய். ஊர், பேர் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"வீட்டில் பெரியவர்கள், கொழுந்தன்மார் எல்லாரையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். எனக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. சாம்பார் இறக்கி வைக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, நான் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது மஞ்சள் தண்ணீராக இருக்கிறது. கரண்டியை எப்படிப் போட்டாலும் பருப்பு அகப்படுவதில்லை. சாம்பார் கடைசி வரை கெட்டியாக இருக்க ஒரு வழி சொல்லுங்கள். குழந்தைக்கும் தினம் பருப்புத் தண்ணீர் கொடுத்து வருகிறேன், எடை ஏறவில்லை."

"அரிசி மாவு ஒரு ஸ்பூன் கரைத்து விடு" என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம். பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். மாவு கரைத்து விட்டால் குழம்பு கெட்டியாகும், வாஸ்தவம். ஆனால் இல்லாத பருப்பு எங்கிருந்து வரும்? பால் கொடுக்கிற பெண்ணின் தட்டில் பருப்பு விழவில்லை, அவள் குழந்தையின் கிண்ணத்திலும் விழவில்லை. இந்தக் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அதுதான்.

முதலில் அளவைப் பார்ப்போம். பல வீடுகளில் பருப்பு அளவு என்பது கை பழகின அளவு. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கு அரை டம்ளர் போட்டிருப்போம். பிறகு குடும்பம் பெருகும். டம்ளர் மட்டும் அதே அரை டம்ளராக நிற்கும், தண்ணீர்தான் பெருகும். விருந்தாளி வந்தால் இன்னும் ஒரு செம்பு. இப்படியே போய், பருப்பு வாசனை பட்ட புளித்தண்ணீருக்கு சாம்பார் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன், அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு சாம்பார்தான் முக்கியமான பருப்புப் பண்டம் என்றால், ஆளுக்கு 35 முதல் 40 கிராம் பச்சைப் பருப்பு போட வேண்டும். 200 மில்லி பிடிக்கிற டம்ளரில் தலை தட்டி அளந்தால், துவரம்பருப்பு 170 கிராம் சுமாருக்கு நிற்கும். ஆறு பேருக்கு ஒரு டம்ளரும், அதன் மேல் ஒரு நல்ல கைப்பிடியும். நாலு பேருக்கு டம்ளரில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆள் கணக்கு எடுக்கும்போது சமைக்கிறவளையும் ஒரு ஆளாக எண்ண வேண்டும். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனால் "எங்க வீட்ல அஞ்சு பேரு" என்று சொல்லிவிட்டு, தன்னை விட்டுவிட்டு எண்ணுகிற பெண்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. நான் சொன்ன அளவில் போட்டு, எல்லாருக்கும் சமமாகப் பங்கு விழுந்தால், ஆளுக்கு 8 கிராம் வருகிறது. ஒரு கோழி முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாதத்தோடு சேர்வதால் இன்னொரு லாபமும் உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. சாம்பார் சாதம் என்று இரண்டையும் சேர்த்துப் பிசைந்தவர்கள் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் சரியாகத்தான் பிசைந்திருக்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும். தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் அதற்கு மேல் 17 கிராம், அதன் பிறகு ஒரு வயது வரை 13 கிராம் கூடுதல். ஆறு பேர் வீட்டில் அரை டம்ளர் பருப்பு என்றால் ஆளுக்கு 3 கிராம் புரதம் வரும். அதுவும் சமமாகப் பங்கு விழுந்தால்! கடைசியில் உட்காருகிறவளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பருப்பு விற்கிற விலை எனக்கும் தெரியும். அதனால் துவரம்பருப்பு மட்டும்தான் என்று பிடிவாதம் வேண்டாம். ரேஷன் கடையில் கிடைப்பதை வாங்கிவிடுங்கள். பாதித் துவரம்பருப்பு, பாதிப் பாசிப்பருப்பு கலந்து வைத்தாலும் சாம்பார் நன்றாகவே இருக்கும், சீக்கிரமும் வேகும். மைசூர்ப் பருப்பும் கலக்கலாம். புரதத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

இனி, வேகாத பருப்பு. பருப்பு போதுமான அளவு போட்டும் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் அது சரியாகக் குழையவில்லை. முழுப் பருப்பாகவோ பாதிப் பருப்பாகவோ இருப்பது கல் மாதிரி அடியில் இறங்கிவிடும். நன்றாக வெந்து, சுடச்சுடக் கடைந்த பருப்புதான் குழம்போடு கலந்து நிற்கும்.

ஏன் வேகவில்லை? பழைய பருப்பாக இருக்கலாம். இல்லாவிட்டால் தண்ணீர் சரியில்லை. நான் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பருப்பு வெண்ணெயாகக் குழையும். சென்னைக்குக் குடிவந்ததும் அதே பருப்பு, அதே பாத்திரம், ஆழ்குழாய்த் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதித்தும் விறைத்துக்கொண்டு நின்றது. ‘மெட்ராஸ் பருப்பு மோசம்' என்று என் அம்மா கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அவர் என்ன செய்வார்! பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. வெந்நீரில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அந்தப் பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புளியும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் பருப்பு பூராவும் வெந்த பிறகே புளிக்கரைசலில் சேர்க்கிறோம். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு, தக்காளியையும் நறுக்கிப் போட்டு, "பருப்பு வேகலையே" என்று அங்கலாய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடிக்கிற தண்ணீரை எடுத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் புதுத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அரை ஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெய் விட்டால் நுரை பொங்குவது குறையும், வெயிட் போடுகிற குழாயும் அடைத்துக்கொள்ளாது. குக்கருக்குள் நேரடியாக வேக வைக்கிறவர்கள் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிஷம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகிறது, திறந்த பாத்திரத்தில் 100-ஐத் தாண்டாது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைப்பது என்றால் காலையில் வைத்தது மத்தியானத்துக்குத்தான்!

சோடா உப்பு மட்டும் போடாதீர்கள். பருப்பு வேகும், சந்தேகமே இல்லை. கூடவே பி1 வைட்டமினும் போய்விடும். ருசியும் சோப்பு மாதிரி ஒரு மாதிரியாகும்.

குக்கரைத் திறந்ததும், சூடு ஆறுவதற்குள் மத்தால் கடைந்துவிட வேண்டும். ஆறிய பிறகு கடைந்தால் கட்டி தட்டும். கடைந்த பருப்பில் குழந்தைக்கு உரியதை இந்த இடத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

காய்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது அவரவர் வீட்டு ருசி. ஆறு பேருக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் காய் இருக்கட்டும். முருங்கைக்காய், முள்ளங்கி, பூசணி இவற்றை முதலில் வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேக வைத்துப் பிறகு புளி விடுங்கள். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் எண்ணெயில் ஒரு வதக்கு வதக்கி நேராகப் புளித்தண்ணீரில் போகலாம், புளிப்பில் வெந்தால் குழையாமல் முழுசாக நிற்கும். சின்ன வெங்காயத்தை நறுக்க வேண்டாம், உரித்து முழுசாகப் போடுங்கள். புளி ஆறு பேருக்கு ஒரு சின்ன எலுமிச்சம்பழ அளவு போதும். பழைய புளி என்றால் அதிலும் குறைக்கலாம். பருப்பு அளவு குறையக் குறைய, ருசிக்காகப் புளியும் காரமும் ஏறும். அதுதான் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. பழி சாம்பார் மேல்!

பொடிக்கு, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து இடிசாம்பார் பக்குவத்தைத்தான் சிபாரிசு செய்வேன். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இலையில் விழுகிற முதல் குழம்பு அது. மாசக்கணக்கில் டப்பாவில் தூங்குகிற பொடி இல்லை, அன்றைக்கு வறுத்து அன்றைக்கே இடிக்கிறது. கொத்தமல்லி விதை 3 மேஜைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்றரை மேஜைக்கரண்டி, வற்றல் மிளகாய் 7 அல்லது 8, மிளகும் சீரகமும் முக்கால் தேக்கரண்டி வீதம், வெந்தயம் கால் தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் பட்டாணி அளவு. ஒரு ஸ்பூன் எண்ணெயில் முதலில் பெருங்காயத்தைப் பொரித்துக்கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சிவக்க வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் குழம்பே கசந்துவிடும், அதனால் அதைக் கடைசியில் போடுங்கள். தேங்காய்த்துருவல் 3 மேஜைக்கரண்டி, அதையும் ஈரம் போக வறுத்துக்கொள்ளலாம். ஆறினதும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக எடுங்கள். மிளகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மிளகாய் போர்ச்சுக்கீசியர் மூலமாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது மிளகுதான். அந்த ஞாபகம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை.

புளித்தண்ணீரில் காய், உப்பு சேர்ந்து பச்சை வாசனை போக எட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கட்டும். பிறகு கடைந்த பருப்பு. அதன் பின் இடித்த பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து விட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிஷம் சேர்ந்து கொதித்தால் போதும். பொடியில் இருக்கிற கடலைப்பருப்பே குழம்பைப் பிடித்து நிறுத்தும், அரிசி மாவுக்கு வேலையே இல்லை. கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டு இறக்குங்கள்.

இறக்கியாயிற்று. பெரும்பாலான சமையல் குறிப்புகள் இத்தோடு முடிந்துவிடும். எனக்கு இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

என்னதான் கடைந்து விட்டாலும், பத்து நிமிஷம் வைத்தால் பருப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கத்தான் செய்யும். கரண்டியை மேலோட்டமாக விட்டு அள்ளினால் தெளிவு வரும். அடியில் விட்டு அள்ளினால் பருப்பு வரும். யாருக்கு எப்படி அள்ளுவது என்பது பரிமாறுகிறவள் கையில் இருக்கிறது. நம் கை எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அடியிலிருந்து அள்ளும். இரண்டாவது தடவை கேட்டாலும் அடியிலிருந்தே அள்ளும். நமக்கு என்று வரும்போது பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றிக்கொள்வோம்.

என் ஆச்சி பந்தி பரிமாறக் கற்றுக்கொடுத்தபோது சொன்னது: "ஏட்டி, மேலாப்புல அள்ளாத. அகப்பை அடியைத் தொட்டு ஒரு சுத்து சுத்திட்டு மேல வரணும். முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒண்ணு போல விழணும்." கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தவன் குறை சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகச் சொன்னாள். வீட்டுப் பந்தியில் கடைசி இலை யாருடையது என்று அவளும் யோசிக்கவில்லை.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து பால் கொடுத்துக்கொண்டிருந்த சமயம், சாம்பாரை இறக்கி நன்றாகக் கலக்கி, முதலில் ஒரு கிண்ணம் எனக்கு எடுத்து மூடி வைக்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே அத்தை பார்த்துவிட்டாள்.

"ஆம்பளைங்க சாப்பிடுததுக்கு முந்தியே எடுத்து வச்சிருக்கியே, இது எந்த ஊரு பழக்கம்ளா?"

"பிள்ளைக்குப் பால் வேணும்லா அத்தை."

"நாங்கள்லாம் பிள்ளை பெத்து வளக்கலையாக்கும்?"

நான் பதில் பேசவில்லை, கிண்ணத்தையும் எடுக்கவில்லை. அடுத்த மாதமே என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள். அத்தை தன் கையாலேயே பரிமாறினாள். அகப்பையை அடியில் விட்டு, பருப்பாகக் கோரிக் கோரி மகள் தட்டில் வைத்தாள், மேலே நெய். மகள் போதும் போதும் என்றாலும் விடவில்லை. ஆகவே பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு வேண்டும் என்பது அத்தைக்குத் தெரியாத சங்கதி அல்ல. மருமகளும் பிள்ளை பெற்றவள்தான் என்பது மட்டும் அந்த அகப்பைக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு என் கிண்ணத்தைப் பற்றிக் கேள்வி வரவில்லை. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்ற வார்த்தையும் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

கிண்ணம் எடுத்து வைத்தால் வீட்டில் பேச்சு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. இறக்கினதும் கலக்கி, சாம்பாரை இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துவிடுங்கள். முதல் பந்திக்கு ஒன்று, இரண்டாம் பந்திக்கு ஒன்று. இரண்டாவதை மூடி அடுப்பு மேடையில் தள்ளி வையுங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் "சூடு ஆறாம இருக்கட்டும்னு பிரிச்சு வச்சேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டாம் பாத்திரத்தில்தான் நீங்களும், மாலையில் பசியோடு வருகிற உங்கள் பெண்ணும், வேலைக்கு வருகிற அம்மாவும் இருக்கிறீர்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, பாத்திரத்தை நடுவில் வைத்துச் சாப்பிடுகிற வீடுகளுக்கு இந்தத் தந்திரம் எதுவும் வேண்டாம். அவர்கள் பாக்கியசாலிகள்.

இதெல்லாம் ஒரு கரண்டி பருப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றினால், இந்த எண்ணையும் பாருங்கள். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஒரு கிண்ணம் சாம்பார் அதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் முழுங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்வதற்கு நாம் ஒன்று செய்யலாம். சாம்பார் சாதத்தோடு நெல்லிக்காய்த் துவையலோ, எலுமிச்சம்பழம் பிழிந்த வெங்காயப் பச்சடியோ வைத்துக்கொண்டால் அதில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் நேர் எதிரிடை. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எனக்கும் காபி இல்லாமல் ஓடாது. நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இப்போது குழந்தைக்கு வருவோம். பருப்புத் தண்ணீர் கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது. மேலாகத் தெளிந்த தண்ணீரை இறுத்து, உப்புப் போட்டு, பாலாடையில் புகட்டுவார்கள். "சத்தெல்லாம் தண்ணியில இறங்கிடும்" என்பார்கள். இறங்குவதில்லை, சகோதரிகளே. சத்தில் பெரும்பங்கு அடியில் நிற்கிற பருப்போடுதான் இருக்கிறது. ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி சுமாருக்குத்தான் கொள்ளும். அதை மஞ்சள் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோறு எங்கே போகும், பால்தான் எங்கே போகும்? குழந்தை வயிறு நிறைந்து தூங்கும், எடை மட்டும் ஏறாது.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். முடிந்த பிறகு, கடைந்தபோது எடுத்து வைக்கச் சொன்னேனே, அந்தக் கெட்டிப் பருப்பு ஒரு பங்கும், குழைய வடித்த சாதம் இரண்டு மூன்று பங்கும் சேர்த்து, அரை ஸ்பூன் நெய் விட்டு, கையாலேயே மசித்துக் கொடுங்கள். மிக்ஸியில் போட்டுக் கூழாக்க வேண்டாம். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். நமக்குச் சப்பென்று இருப்பது அதற்குச் சப்பென்று இருக்காது. தொடக்கத்தில் வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் தின்றாலே சந்தோஷப்படுங்கள். எட்டு மாதத்துக்குள் மெல்ல மெல்ல அரைக் கோப்பைக்குக் கொண்டுவரலாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. நாலு நாள் பழகினதும், சாம்பாருக்கு வேக வைத்த பூசணித் துண்டையோ கேரட்டையோ புளி விடுவதற்கு முன்னால் எடுத்து அதோடு மசியுங்கள். தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள், இரண்டு வயது வரை கொடுக்கலாம். இப்படிக் கொடுத்தும் அடுத்த மாதம் எடை ஏறாவிட்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் அதே டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். எடை போட்ட அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "கெட்டியாக் கொடுத்தா பிள்ளைக்கு மாந்தம் வரும்" என்று தடுப்பார்கள். வாக்குவாதம் பண்ண வேண்டாம். முதல் நாள் ஒரு ஸ்பூன், மறுநாள் இரண்டு என்று அவர்கள் மடியிலேயே குழந்தையை வைத்து அவர்கள் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். தன் கையால் ஊட்டின சோற்றைக் குறை சொல்கிற பாட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

மீந்த சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. கோடை நாளில் பருப்பு போட்ட குழம்பு சீக்கிரம் ஊசிப்போகும். கை படாத, எச்சில் கரண்டி படாத பங்கை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். எடுத்த பிறகு தளதளவென்று ஒரு கொதி வந்தால்தான் ஆயிற்று, வெறுமனே சுட வைத்தால் போதாது. ராத்திரிக்கு அதையே கொஞ்சம் சுண்ட வைத்து இட்லிக்கு ஊற்றிக்கொள்ளலாம். பிரிட்ஜ் இல்லாதவர்கள் மீதி வைக்காமல் அளந்து வைப்பதே உத்தமம். மத்தியானம் அடிச்சட்டியில் ஒட்டியிருக்கிற பருப்பில் ஒரு கைப்பிடி சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டிப் பாருங்கள், அதன் ருசிக்கு ஈடே கிடையாது. அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்!

மறுவீட்டு விருந்துச் சொதி எப்படி வைப்பது என்று கேட்டு நிறைய சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் இஞ்சித் துவையலும் தயாராக இருக்கட்டும். அடுத்த இதழில் சொல்கிறேன்.